இரவல் எண்

"நீ யார்?" என்று கேட்டால் நம் பாட்டன்மார் ஊரைச் சொன்னார்கள், தெருவைச் சொன்னார்கள், இன்னார் மகன் என்று தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். கேட்டவருக்கு அதுவே போதுமானதாய் இருந்தது. இன்று அதே கேள்விக்கு விடை பத்து இலக்கங்களாகிவிட்டது. கல்லூரி விண்ணப்பமானாலும், வங்கிக் கணக்கானாலும், எரிவாயு சிலிண்டரானாலும் "செல் நம்பர் சொல்லுங்கள்" என்பதே முதற் பேச்சு. சொன்னவுடன் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக ஆறு இலக்கங்கள் வருகின்றன. அவற்றைத் திருப்பிச் சொன்னால்தான் நாம் நாமே என்று இயந்திரம் ஒப்புக்கொள்கிறது.

ஓ.டி.பி. என்று சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரும் அழைக்கின்ற அந்த ஆறு இலக்கங்களைப் பற்றியும், அவற்றைப் பெறுவதற்கென்றே இணையத்தில் கிடைக்கும் இரவல் தொலைபேசி எண்களைப் பற்றியும் இந்த ஆண்டு மலரில் எழுத முற்பட்டிருக்கிறோம். நாங்கள் நால்வர். நால்வரும் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாற்றிலிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வருகிறவர்கள். எங்கள் ஊரில் ஓர் அக்காவுக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். கணினி ஆசிரியையிடம் கேட்டோம், வீட்டில் அப்பாமார்களிடம் கேட்டோம், படித்தும் பார்த்தோம். அறிந்துகொண்டதை அன்புத் தோழியருக்கும், எங்கள் சிஸ்டர்களுக்கும், பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

தெருவுக்கு ஓர் எண்

இரவல் எண் என்பது எங்கள் ஊருக்குப் புதியதன்று. 2021-ஆம் ஆண்டில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, கோவின் என்ற இணையதளத்தில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. அதற்குக் கைபேசி எண் வேண்டும். எங்கள் தெருவில் ஆயாமார்கள் பலருக்குச் சொந்தமாகக் கைபேசி இல்லை. ஓர் எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம் என்று அரசாங்கம் அனுமதித்திருந்தது. 2022 ஜனவரியில் அதை ஆறாக உயர்த்தினார்கள்.

அப்போது நாங்கள் சிறுமிகள். பள்ளி மூடிக் கிடந்ததால் இந்த வேடிக்கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுள் ஒருத்தியின் ஆயாவுக்கு எதிர்வீட்டு மளிகைக் கடை மாமாவின் எண்ணைத்தான் கொடுத்தார்கள். பதிவு செய்யும் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியைத் தட்டுவார். மாமா கடையிலிருந்தபடியே, "ஆயா, நம்பர் வந்துடுச்சி! எழுதிக்கோங்க!" என்று கூவுவார். சில நிமிடங்களுக்குள் எழுதாவிட்டால் அது செல்லாது. ஆதலால் தெருவே சேர்ந்து அந்த ஆறு இலக்கங்களை ஒப்புவிக்கும். இரகசிய எண் என்று பெயர். ஆனால் அது தெரியாதவர் தெருவில் ஒருவரும் இல்லை!

இதை நினைத்து இப்போது சிரிக்கிறோம். ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. எண்ணைக் கொடுத்தவர் யார் என்று ஆயாவுக்குத் தெரியும். ஊசி போட்டதற்கான சான்றிதழும் அதே கைபேசிக்கு வந்தது. மாமா அதை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று கேட்டாலும் அந்த எண் அவரிடம் இருக்கிறது. அந்த இரவலுக்கு ஒரு முகம் இருந்தது. போய்க் கேட்க ஒரு வாசற்படி இருந்தது. இணையத்தில் கிடைக்கும் இரவல் எண்ணுக்கு இவ்விரண்டும் இல்லை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஆறு இலக்கம் எதற்கு?

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து கைபேசிக்கு அனுப்பப்பட்டது. அது கிறிஸ்துமஸ் வாழ்த்துச் செய்தி! நம் நாட்டில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது. வாழ்த்துச் சொல்லப் பிறந்த குறுஞ்செய்தி, சிறிது காலத்தில் காவற்காரன் வேலைக்கு வந்து சேர்ந்தது.

காரணம் எளிது. கடவுச்சொல் என்பது மனத்தில் இருக்கும் ஒன்று. அதை எவரேனும் எட்டிப் பார்த்துவிட்டாலோ, ஊகித்துவிட்டாலோ அவரும் உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் சிம் கார்டு என்பது கையில் இருக்கும் பொருள். அந்தச் சிம்முக்கு ஒரு புதிய எண்ணை அனுப்பி, "வந்ததைச் சொல்" என்று கேட்டால், பொருள் யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் சொல்ல முடியும். மனத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் சேர்ந்து இரண்டு பூட்டுகள் ஆகின்றன. இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது இப்படிப்பட்ட கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாய் இதே வழியைப் பின்பற்றின.

வங்கிகள் இரண்டாவது பூட்டாகக் கொண்ட இந்த எண்ணைப் பல செயலிகள் ஒரே பூட்டாக வைத்துவிட்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டதா? எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புகிறோம், அதைச் சொல்லி உள்ளே வா என்கின்றன. அதாவது, எண் யார் கையில் இருக்கிறதோ வீடு அவருடையது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வருவது எல்லாம் தானே விளங்கும்.

தயக்கம் ஏன்?

அப்படியிருக்க, சொந்த எண்ணைக் கொடுக்காமல் ஒருவர் ஏன் இரவல் எண்ணைத் தேடுகிறார்? ஏமாற்ற நினைப்பவர்கள் மட்டுமே அவ்வாறு செய்கிறார்கள் என்று முதலில் எண்ணினோம். விசாரித்துப் பார்த்ததில் அது உண்மையன்று என்று தெரிந்தது.

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குத் தனியே சிம் கார்டு கொடுப்பதில்லை. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே அப்பாவின் எண்தான். அப்பா கரும்புக் கொல்லையில் இருப்பார். அல்லது பாண்டியில் வேலையில் இருப்பார். தேர்வு விண்ணப்பத்துக்கு வந்த ஓ.டி.பி.யை அவரிடம் கேட்டு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி கேள் என்று மூன்று முறை நடக்கும். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போடப் போனால், அங்குள்ளவர்கள் சில சமயம் அவசரத்துக்கு அவர்களுடைய எண்ணையே போட்டுவிடுகிறார்கள். பிறகு கலந்தாய்வுச் செய்தி அவர்களுக்குத்தான் வரும், நமக்கு வராது.

மற்றொரு காரணம் அச்சம். கடையில் பில் போடும்போது எண்ணைக் கேட்கிறார்கள். கொடுத்தால் அடுத்த வாரம் விளம்பரங்கள் குவிகின்றன. அதுவாவது போகட்டும். ஒரு பெண்ணின் எண் ஓரிடத்தில் தெரிந்தால் அது பத்து இடங்களுக்குப் போகிறது, இரவு பத்து மணிக்கு அறிமுகமில்லாத ஒருவன் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். வீட்டில் சொன்னால், "நீ ஏன் நம்பரைக் கொடுத்தாய்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஆகவே எண்ணை மறைக்க நினைக்கும் பெண்ணுக்கு நியாயமான காரணம் உண்டு. பொருள் வாங்குபவரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "எண் தர இயலாது" என்று பில் போடுமிடத்தில் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதைத் தயங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

சுடுமண் ஜிமிக்கி

இப்போது எங்கள் ஊர் அக்காவைப் பற்றிச் சொல்கிறோம். "எழுதுங்கள்; நாலு பேருக்குப் பயன்படட்டும். பெயர் மட்டும் வேண்டாம்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அக்கா வில்லியனூரில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே சுடுமண் ஜிமிக்கியும் மாலையும் செய்கிறார். மண்ணைப் பிசைந்து, உருட்டி, நிழலில் உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டி முடிக்க ஒரு ஜோடிக்குப் பல நாட்கள் ஆகும். திருவிழாக் கடைகளில் விற்றது போதாது என்று, ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்க விரும்பினார். பக்கம் தொடங்க எண் கேட்டது. வீட்டில் இருந்தது அவருடைய அப்பாவின் எண் ஒன்றே. அதைக் கொடுத்தால் கண்டவர்களும் கூப்பிடுவார்கள், அப்பா கோபித்துக்கொண்டு வேலையையே நிறுத்தச் சொல்வார் என்று பயம்.

உடன் படித்த ஒருவர் ஒரு வழி சொன்னார். இணையத்தில் இலவசமாக எண்கள் கிடைக்கும் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் போட்டால் ஓ.டி.பி. அந்தத் தளத்திலேயே தெரியும், பார்த்து எழுதிவிடலாம், காசும் இல்லை, தொந்தரவும் இல்லை. அக்கா அப்படியே செய்தார். இரண்டு நிமிடத்தில் பக்கம் திறந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் நன்றாகவே நடந்தது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கூட ஆர்டர்கள் வந்தன. தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு நாள் காலையில் அக்கா பக்கத்தைத் திறக்கப் போனால் கடவுச்சொல் தவறு என்று வந்தது. மறந்துவிட்டது என்று அழுத்தினால், "உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்று பதில். அவசரமாக அந்த இலவசத் தளத்தைத் தேடிப் பார்த்தார். அவர் பயன்படுத்திய எண்ணே அங்கு இல்லை. அந்த இடத்தில் வேறு எண் இருந்தது.

அதற்குள் பக்கத்தில் வேறொருவர் அக்காவாக உட்கார்ந்திருந்தார். தீபாவளித் தள்ளுபடி, இன்றே முன்பணம் அனுப்புங்கள் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் செய்தி போயிற்று. பதினொரு பேர் ஐந்நூறு ரூபாய் வீதம் அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், அவர்களில் ஒருவர் வில்லியனூர்க்காரர், வீட்டுக்கே வந்து, "என்ன தங்கச்சி, பணம் வாங்கிக்கிட்டு பதிலே இல்லையே?" என்று கேட்டார். வாசலில் அக்காவின் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை விரித்து எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா கோபித்தது உண்மை. பிறகு, "என்கிட்ட கேட்டிருந்தா நானே ஒரு சிம் வாங்கித் தந்திருப்பேனே" என்று சொன்னதும் உண்மை. அக்கா வாய்விட்டு அழுதது அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான்.

பணம் அனுப்பியவர்களிடம் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கும்படி அக்கா ஒவ்வொருவராகத் தேடிச் சொன்னார். இணையவழிப் பண மோசடியைப் புகார் செய்ய நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. பணம் போனவுடனே கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்கு மாறுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இங்கே இரண்டு நாட்கள் கடந்துவிட்டன. வலைத்தளத்துக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம், "உங்கள் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்ற ஒரே பதில். பக்கம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதன்பின் அக்கா செய்தது எங்களை வியக்க வைத்தது. பணம் இழந்த பதினொரு பேருக்கும் ஜிமிக்கி செய்து அனுப்பினார். "அவர்கள் ஏமாந்தது அவனிடம்; ஆனால் நம்பியது என் பெயரை" என்றார். அந்த வேலைக்கு மாலை நேரங்களில் நாங்களும் போய் வண்ணம் தீட்டிக் கொடுத்தோம்.

எண் எங்கிருந்து வருகிறது?

இந்த எண்களை யார் தருகிறார்கள், ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. அறிந்தவரையில் இவை மூன்று விதம்.

முதல் விதம், அக்கா பயன்படுத்தியது போன்ற பொது எண்கள். தளத்தில் சில எண்கள் வரிசையாக இருக்கும். எதைச் சொடுக்கினாலும் அதற்கு வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் திரையில் தெரியும். நமக்குத் தெரிவதுபோலவே உலகில் எல்லாருக்கும் தெரியும். ஊர்க் கிணற்றடியில் சாவியை மாட்டிவிட்டு வீட்டைப் பூட்டியதாக நினைப்பது போன்றது இது. ஒரே எண்ணை ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். அவர்களில் ஒருவர் "கடவுச்சொல் மறந்தது" என்று அழுத்தினால் போதும். அந்த எண்ணில் யாரேனும் திறந்துவைத்த கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

இரண்டாவது விதம், காசுக்கு வாடகை விடப்படும் எண்கள். சில நிமிடங்களுக்கு எண் நம்முடையது, பிறகு அடுத்தவருடையது. இதற்கென்றே சிம் பெட்டி என்ற கருவி இருக்கிறது. ஒரே பெட்டியில் பல சிம் கார்டுகளைச் செருகி, அவற்றுக்கு வரும் செய்திகளைக் கணினியில் படிக்கலாம். 2025 அக்டோபரில் ஐரோப்பாவில் லாட்வியா நாட்டில் யூரோபோல் உதவியுடன் காவல்துறையினர் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைப் பிடித்தார்கள். 1,200 சிம் பெட்டிகளும், அவற்றில் இயங்கிக்கொண்டிருந்த 40,000 சிம் கார்டுகளும் கைப்பற்றப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் எண்களை அவர்கள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த எண்களைக் கொண்டு திறக்கப்பட்ட போலிக் கணக்குகள் 4 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகம் என்று யூரோபோல் அறிவித்தது. நமக்குத் தெரியாத பெயரில் வேலை தருவதாகவும், பரிசு விழுந்ததாகவும் செய்தி அனுப்புகிறவர்கள் இத்தகைய எண்களின் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது விதம் நெஞ்சைத் துணுக்குறச் செய்வது. கெட்ட மென்பொருள் புகுந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வரும் ஓ.டி.பி.யை, கைபேசிக்கு உரியவருக்கே தெரியாமல் திருடி விற்கும் சேவைகளைப் பற்றி டிரெண்டு மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2022-இல் விளக்கியிருக்கிறது. அங்கே வாடகைக்கு விடப்படுவது ஓர் ஏழைக் குடும்பத்தின் கைபேசியாகவே இருக்கலாம்.

இதைப் படித்த அன்று மாலை நாங்கள் ஒரு காரியம் செய்தோம். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தில், நம் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்க முடியும். நான்கு வீட்டிலும் அப்பாக்களை உட்காரவைத்துப் பார்த்தோம். மூன்று வீட்டில் எல்லாம் சரியாக இருந்தன. நான்காவது வீட்டில், வீட்டாருக்கே தெரியாத ஓர் எண் அப்பாவின் பெயரில் இருந்தது! எந்தக் கடையிலோ எப்போதோ கொடுத்த அடையாள நகலில் இன்னொரு சிம் வாங்கப்பட்டிருக்கிறது. "இது என் எண் அன்று" என்று அங்கேயே தெரிவித்தோம். நாளைக்கு அந்த எண்ணால் ஒரு குற்றம் நடந்திருந்தால் கேள்வி அவரிடம்தான் வந்திருக்கும். இரவல் கேட்கிறவரைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, இரவல் கொடுத்தோம் என்றே அறியாமல் கொடுத்தவரும் ஊரில் உண்டு என்பது அன்றுதான் புரிந்தது.

கைமாறும் எண்

சொந்த எண்ணும் ஒரு நாள் இரவலாகலாம். ரீசார்ஜ் செய்யாமல் நெடுநாள் விட்டுவிட்டால் எண் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட எண் 90 நாட்கள் வரை வேறொருவருக்கு வழங்கப்படுவதில்லை என்று டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்தத் தொண்ணூறு நாட்கள் கழிந்தால் அது புதியவர் கைக்குப் போகலாம். நம் பழைய கணக்குகளோ அந்த எண்ணையே பற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2021-இல் இப்படி மறுபடி விற்பனைக்கு வந்த 259 எண்களை ஆராய்ந்தபோது, 171 எண்களில் முந்தையவரின் இணையக் கணக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றில் இரண்டு பங்கு!

எங்கள் புதுச்சேரியில் 2023-இல் தொடங்கிய, குடும்பத் தலைவியருக்கு மாத உதவித்தொகை தரும் திட்டப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. வங்கிச் செய்தியோ பதிந்துவைத்த எண்ணுக்கு வருகிறது. மலிவாய்க் கிடைக்கிறதென்று புதுச் சிம் வாங்கிப் பழையதைத் தூக்கி எறியும் அம்மாமார்களே, எறிவதற்கு முன் வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப் கணக்கையும் புது எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

சட்டமும் மனச்சாட்சியும்

ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் கார்டு பெறுபவருக்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நம் பகுதியில் ஒருவர் தம் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் அதற்கும் அபராதம் உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் ஒரு காரியத்தை விடுவது எங்களுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

நன்னெறி வகுப்பில் சிஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "சிஸ்டர், எண்ணைக் கொடுக்க விருப்பமில்லாமல் வேறு எண்ணைக் கொடுத்தால் அது பொய்யா? பாதுகாப்புக்காகத்தானே செய்கிறோம்?" சிஸ்டர் சிறிது யோசித்து, "நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது பொய்யாகாது, பிள்ளைகளே. அது உங்கள் உரிமை. பிறர் வீட்டுக் கதவைக் காட்டி, இதுதான் என் வீடு என்று சொன்னால்தான் பொய். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாதே!" என்றார். வகுப்பில் எல்லாரும் அமைதியாகிவிட்டோம். மறைப்பதற்கும் மாற்றிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

என்ன செய்யலாம்?

கதவைச் சாத்த நல்ல வழிகள் இருக்கின்றன. எண் தேவையே இல்லாத இடத்தில் எண்ணைக் கொடுக்காதிருப்பது முதல் வழி. மின்னஞ்சலை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் மின்னஞ்சலைக் கொடுக்கலாம். வியாபாரத்துக்கோ வெளியாருக்கோ எண் வேண்டுமானால், வீட்டுப் பெரியவர் பெயரில் முறையாக இரண்டாவது சிம் ஒன்று வாங்கி அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம்; அதை நிறுத்திவிடாமல் காக்க வேண்டும். விண்ணப்பங்களில் பிரௌசிங் சென்டர் எண்ணைப் போட விடாமல், ஓ.டி.பி. வரும் கைபேசியை நாமே கையோடு கொண்டுபோக வேண்டும்.

குறுஞ்செய்தியே வேண்டாத ஒரு முறையும் இருக்கிறது. ஓ.டி.பி.யைக் கைபேசியே உண்டாக்கும் செயலி அது. கணக்கைத் தொடங்கும்போது ஓர் இரகசியக் குறியைக் கைபேசியும் நிறுவனமும் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு அந்தக் குறியையும் கடிகார நேரத்தையும் கொண்டு இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட, முப்பது வினாடிக்கு ஒருமுறை ஒரே விடை வருகிறது. வழியில் திருட எந்தச் செய்தியும் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறித்த விதிகளும், குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் மற்ற வழிகளுக்கும் இடம் தருகின்றன. அக்காவின் புதிய பக்கத்துக்கு இந்தச் செயலிப் பூட்டைத்தான் போட்டிருக்கிறோம். அவருடைய பெயரிலேயே வாங்கிய சிம் எண் அதில் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அந்த ஒப்புதல் வெறும் ஓர் ஆறு இலக்கமாக நின்றுவிடக் கூடாது. மகள் வந்து, "அப்பா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்றால், "எதுக்கு?" என்று அதட்டாமல், அருகில் அமர்ந்து என்னவென்று கேளுங்கள். இரவு வந்த தவறான அழைப்பைப் பற்றி அவள் சொன்னால், அவளைக் குற்றவாளியாக்காதீர்கள். அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் அவள் பெயரிலேயே ஓர் எண் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் கேட்கப் பயந்தவள்தான் முகந்தெரியாதவனிடம் இரவல் வாங்கப் போகிறாள்.

தோழியரே, இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று ஆயாமார்கள் சொல்வார்கள். நம்முடையது சிறியதாயினும், பழையதாயினும், அப்பாவின் பெயரில் இருந்தாலும், அது நம் கையில் இருக்கிறது. அடுத்த கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், அவரவர் பெயரில் உள்ள எண்களைச் சரிபார்த்துக் கொடுக்க நாங்கள் நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். நல்ல பெயரைச் சம்பாதிக்க வெகுகாலம் ஆகும். அதைக் காக்க ஒரு மாலை செலவழித்தால் வீண்போகாது.

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர் நால்வர், உறுவையாறு